ஜெர்மன் செஸ் ஆட்டக்காரர் டாராஷ் உலக சாம்பியன் ஆகாததுக்கு அவரோட திமிர்தான் காரணமா?

யூடியூப்ல யாரோ டாராஷ்னா ரூல் பேசுற திமிர் புடிச்ச வாத்தியார்னு சொல்லிட்டா போதும், எல்லாரும் அதையே புடிச்சுக்கிறீங்க. நீங்களும் அந்த மாதிரி வீடியோ பாத்துட்டுதான் கேக்குறீங்கன்னு நெனைக்கிறேன்.

மனுஷன் டாக்டருங்க. ஜெர்மனில பேஷன்ட் பாத்துக்கிட்டே 1889 பிரெஸ்லாவ், 1890 மான்செஸ்டர், 1892 டிரெஸ்டன், 1894 லைப்சிக்னு டோர்னமென்ட்ல எல்லாம் வரிசையா ஃபர்ஸ்ட், அதுல முதல் ரெண்டுலயும் ஒரு கேம்கூட தோக்கல. அந்த ஃபார்ம்ல இருந்தப்போதான் கியூபால இருக்குற ஹவானாவுக்கு வந்து, அப்போ உலக சாம்பியனா இருந்த ஸ்டைனிட்ஸோட மேட்ச் ஆடுங்கன்னு கூப்பிட்டாங்க, டாக்டர் தொழில விட்டுட்டு வர முடியாதுன்னுட்டார். இதுல திமிர் எங்க இருக்கு?

எனக்கு ஏன் சுருக்குன்னு இருக்குன்னா, நானும் லேப்ல வேலை பாத்துக்கிட்டே ரேட்டிங் பாயின்ட் கணக்கு வைக்கிற செஸ் டோர்னமென்ட் ஆடுறவன். ஒரு தடவை நான் லீடிங்ல இருக்கேன், கடைசி ரவுண்டு திங்கக்கிழமை. லீவு கேட்டா எங்க சீனியர் "உக்காந்து ஆடுறதுதானேப்பா, போன்ல ஆடு"ன்னு சிரிக்கிறாரு. எதிராளிக்கு வாக்கோவர் போச்சு, கப்பும் போச்சு. சும்மா ஒப்பிடல, என் ஆட்டம் அவர் கால் தூசிக்கு வராது, அது எனக்கே தெரியும்.

திமிரே இல்லைன்னும் சொல்லல. பின்னாடி உலக சாம்பியன் ஆன லாஸ்கர் சின்ன வயசுல மேட்சுக்குக் கூப்பிட்டப்போ, மொதல்ல ஒரு பெரிய டோர்னமென்ட் ஜெயிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்புனவர்தான். கடைசில 1908ல அதே லாஸ்கரோட உலக சாம்பியன் மேட்ச், இவருக்கு 46 வயசு. 3 ஜெயிச்சு 8 தோத்தாரு, 5 டிரா. லாஸ்கர் ரசிகர்கள் கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க, 1908ல அவர்தான் பெட்டர், நான் பேசுறது 1890ஐப் பத்தி.

அதோட முடிஞ்சு போனவரும் இல்ல. 1914 செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல 52 வயசுல, பின்னாடி உலக சாம்பியன் ஆன காபபிளான்காவையே அடிச்சாரு. இன்னொரு பெரிய ஆட்டக்காரர் நிம்சோவிட்சுக்கு எதிரா ரெண்டு பிஷப் காயையும் பலி குடுத்து ஆடுன கேமும் அங்கதான், அதுக்குப் போய் அழகான ஆட்டத்துக்கான பரிசுல ரெண்டாவது குடுத்தாங்க பாருங்க.