கேஸ் வாசனை வந்தா ஸ்விட்ச் பக்கமே போகாதீங்க

கேள்வி: ராத்திரி ரெண்டு மணிக்கு கேஸ் வாசனை அடிக்குதுன்னு எழுந்த எங்க அத்தை நேரா லைட்டப் போடப் போனாங்க. நான் பதறிப்போய் கையப் புடிச்சு இழுத்துட்டேன், அதுலேர்ந்து ஒரு வாரமா என்கூட பேசறதில்ல. நான் செஞ்சது தப்பா? (வாசகி, ஈரோடு)

பதில்: தப்பே இல்லம்மா, இந்தப் பக்கத்த அவங்ககிட்டயே படிக்கக் குடுங்க. ஸ்விட்ச் போடும்போதும் சரி அணைக்கும்போதும் சரி உள்ள சின்னதா ஒரு பொறி வரும், கேஸ் நிறைஞ்ச ரூம்ல அது ஒண்ணு போதும். அதனால எரியற லைட் எரியட்டும், ஓடுற ஃபேன் ஓடட்டும், எதையும் தொடாதீங்க. சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், தரையோட படிஞ்சு கிடக்கும், நம்ம வீட்டு அடுப்படில வென்டிலேட்டரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் மேலதான இருக்கு, அதனால வாசக்கதவு கொல்லக்கதவு ரெண்டையும் அகலத் தெறந்து விட்டாதான் கீழ கிடக்கறது வெளிய போகும். சாமி ரூம்ல விளக்கோ ஊதுபத்தியோ எரிஞ்சா அணைச்சிருங்க, அவசரத்துல இதத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. ரெகுலேட்டர மூடி கழட்டிட்டு சிலிண்டர் வாய்ல அந்த வெள்ள மூடியப் போட்டுருங்க (அதத் தூக்கிப் போடாம சிலிண்டர்லயே கட்டி வச்சிருக்கணும்). வீட்ல இருக்கறவங்க எல்லாரும் வெளிய வந்தப்புறம் அங்க நின்னு 1906க்கு போன் பண்ணுங்க, தீயே புடிச்சிருச்சுன்னா 101க்கோ 112க்கோ பண்ணுங்க. ரப்பர் ட்யூப் வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சுன்னா, பாக்க நல்லா இருந்தாலும் மாத்திருங்க.

கேள்வி: நான் பனியன் கம்பெனில சூப்பர்வைசர். திருட்டு போகுதுன்னு பின் கதவ முதலாளி பூட்டியே வச்சிருக்காரு, மாடிப்படில வேற அட்டப்பெட்டி அடுக்கியிருக்கு. எப்படி எடுத்துச் சொல்றது? (வாசகர், திருப்பூர்)

பதில்: 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 பிள்ளைங்க போனத நம்மாளுங்க யாரும் மறக்கல, அங்க சமையல் கொட்டகைல பிடிச்ச தீ கூரைக்குப் பரவிடுச்சு, பிள்ளைங்க தப்பிக்க சரியான வழி இல்ல. அத முதலாளிகிட்ட ஞாபகப்படுத்துங்க. பஞ்சு, துணி, அட்டை எரிஞ்சா நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே புகை ஆள சாச்சிடும். அவரு திருட்டுக்கு பயப்படறதும் நியாயம்தான், அதுக்கு வழி இருக்கு: உள்ள இருந்து கம்பியத் தள்ளினா தெறக்கற, வெளிய இருந்து தெறக்க முடியாத கதவு கிடைக்குது, அதப் போடச் சொல்லுங்க. பெட்டிய மட்டும் இன்னைக்கே எடுத்துருங்க, அதுக்கு யார் அனுமதியும் வேணாம். புகை மேலயிருந்து எறங்கும், அதனால குனிஞ்சு தவழ்ந்து வெளிய வரணும்னு லைன்ல இருக்கற பொண்ணுங்களுக்கு ஒரு தடவ செஞ்சே காமிங்க, வாயால சொன்னா அந்த நேரத்துல ஞாபகம் வராது.

கேள்வி: பஜ்ஜி போடறப்ப வாணலில தீப்பிடிச்சா தண்ணி ஊத்தலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஊத்தவே கூடாது. தண்ணி பட்ட உடனே ஆவியாகி, எரியற எண்ணெயத் தூக்கி உங்க மேலயே அடிக்கும். அடுப்ப அணைச்சிட்டு பெரிய தட்டு எதையாவது வச்சு மூடுங்க, வாணலியத் தூக்கிட்டு ஓடாதீங்க. கை சுட்டுக்கிட்டா குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டணும், பேஸ்ட்டு இங்க்குன்னு தடவாதீங்க. எண்ணெய் நல்லா ஆறுற வரைக்கும் அந்தத் தட்ட எடுத்துப் பாக்கவும் வேணாம், காத்து பட்டா திரும்பப் பத்திக்கும்.