பிரான்ஸ் கிராமப்புறத்தில் சைக்கிளில் சுற்றி, கூடாரம் அடித்துத் தங்கினால் ஒரு நாள் எப்படிப் போகும்?

போன ஜூன் மாதம் நானும் என் தம்பியும் லுவார் ஆற்றங்கரையோரம் ஐந்து நாள் சைக்கிளில் போனோம். நான் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவன் திருச்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். ஐந்து நாளையும் விவரித்தால் பதில் நீண்டுவிடும். மூன்றாம் நாளை மட்டும் சொல்கிறேன். அது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்பது இங்கே முக்கியமான செய்தி, ஏன் என்று கீழே புரியும்.

நாங்கள் போன வழிக்கு 'லுவார் அ வேலோ' என்று பெயர். சுமார் 900 கிலோமீட்டர் நீளம். அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவேலோ 6 என்ற நெடுவழியின் ஒரு பகுதி. பெரும்பாலும் சமதளம், திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டிப் பலகை. சைக்கிளில் நெடுந்தூரம் போய்ப் பழகாதவர்களும் துணிந்து இறங்கலாம்.

காலை ஆறரைக்குக் கண் விழித்தோம். தூர் நகரத்துக்கு மேற்கே, ஷேர் ஆற்றின் கரையில் இருக்கும் சவோனியேர் கிராமத்தில் தங்கியிருந்தோம். ஆற்றோரம் கூடாரம் அடித்தால் வெளியே பனி, உள்ளே நம் மூச்சே நீர்த்துளியாகித் துணியில் தொங்கும். அந்த ஈரத்தோடு மடித்தால் சுமையும் கூடும், இரவில் நாற்றமும் அடிக்கும். வெயில் ஏறும்வரை வேலிமேல் விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். இந்த முக்கால் மணி நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

வழியில் வந்த வில்லான்ட்ரி கோட்டைத் தோட்டத்தில் முட்டைக்கோசையும் கீரையையும் கோலம் போட்டது போல நட்டு வைத்திருக்கிறார்கள். 1906-இல் அந்த இடத்தை வாங்கியவர் பழைய பாணியில் மீண்டும் உருவாக்கியது. ஒரு மணி நேரம் பார்த்தோம். அதைத் தாண்டியதும் ஷேர் ஆறு லுவாரில் கலந்துவிடுகிறது. பாதை வெள்ளம் தடுக்கக் கட்டிய கரைமேட்டின்மீது ஏறுகிறது. ஒரு பக்கம் மணல் திட்டுகளோடு அகன்ற ஆறு, மறுபக்கம் தாழ்வில் தோட்டங்கள், வெள்ளைக்கல் வீடுகள். ஆற்றோர ஊர்களில் சில சுவர்களில் ஒரு கோடும் 1846, 1856, 1866 என்று ஆண்டும் செதுக்கியிருக்கிறார்கள். வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தது என்று அர்த்தம். சைக்கிளில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தான் தம்பி.

கரைமேட்டில் நிழல் கிடையாது. காற்று மேற்கிலிருந்து வருகிறது, நாங்களும் மேற்கே போகிறோம். ஆளுக்குப் பதினெட்டு கிலோ சுமை. பக்கவாட்டுப் பைகள் பாய்மரம் போலக் காற்றைப் பிடித்து இழுத்தன. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை. உங்களுக்கு முழங்கால் முக்கியம் என்றால் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி ஆற்றை எதிர்த்து வாருங்கள். ஆறு இறங்கும் சரிவு சைக்கிளுக்குத் தெரியவே தெரியாது. காற்று நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு ஒரு கிராமத்துக்குள் நுழைந்தோம். பேக்கரி மூடியிருந்தது. அடுத்த கிராமத்திலும் மூடல். ஞாயிறு காலை திறக்கும் கடைகள் பல திங்கள் முழுவதும் விடுமுறை. மற்ற நாட்களிலும் சிற்றூரில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று, நான்கு மணி வரை கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் முந்தைய நாள் ரொட்டி வாங்கி வைக்கவில்லை. பையில் இருந்தது சென்த்-மோர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி மட்டும். சாம்பல் பூசிய உருளை, நடுவில் நீளவாக்கில் ஒரு வைக்கோல் தண்டு. உருவி எடுத்துப் பார்த்தால் அந்தத் தண்டின்மேல் பொடி எழுத்தில் பெயர் பொறித்திருக்கும். ரொட்டி இல்லாமல் அதை வெறுமனே சாப்பிட்டோம். உப்பு. அதன்பிறகுதான் குடுவைகளில் தண்ணீர் தீர்ந்துவிட்டதைக் கவனித்தோம்.

அப்போது தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தை நோக்கிச் சைக்கிளைத் திருப்பினேன். இந்த நாட்டில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. கல்லறைப் பூக்களுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்.

தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். "அண்ணா, சுடுகாட்டுத் தண்ணீரையா குடிக்கச் சொல்கிறீர்கள்? போய்விட்டு வந்தாலே அம்மா தலையில் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே விடமாட்டார்களே."

அவனுக்கு நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ஒரு மூதாட்டி பச்சைப் பூவாளியோடு குழாயடிக்கு வந்தார். எண்பது வயதிருக்கும். வணக்கம் சொல்லி, தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எங்கள் குடுவைகளைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கள்" என்று குழாயைத் திறந்து, பூவாளியை அடியில் வைத்தார். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வருவது சுடுநீர். அது பூவாளிக்குப் போனது. நடுவில் இரண்டு முறை விரலை நீட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை பூவாளியை எடுத்துவிட்டு என் குடுவையைத் தானே வாங்கிப் பிடித்தார். நிறைந்ததும் குடுவையின் வெளிப்புறம் வியர்த்தது. அடுத்ததற்காக வாசல் பக்கம் பார்த்துக் கையை நீட்டினார்.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். வெயிலில் கொதித்த சரளைக் கல்லில் வெறுங்காலோடு. குடுவையை இரு கைகளாலும் நீட்டினான். பிறகு அவர் வைத்த பூவாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனான். அவருடைய கணவரின் கல்லறை அது. ஜெரேனியம் செடிகளுக்கு அவர் காட்டிய இடங்களிலெல்லாம் ஊற்றினான். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. நான் தள்ளி நின்றேன்.

அதன்பிறகு உஸ்ஸே என்ற ஊரைத் தாண்டி, மேட்டில் மூச்சுவாங்க ஏறி, 1429-இல் வீராங்கனை ஜான் ஆஃப் ஆர்க் பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸைச் சந்தித்த ஷினோன் நகரத்தில் இறங்கினோம். பெரிய கடை திறந்திருந்தது. அரிசி, பருப்பு, வெங்காயம் வாங்கினோம். அங்கிருந்து வியென் ஆற்றோரமாகக் கான்த்-சென்-மார்த்தன். மொத்தம் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பக்கத்து ஊரான மோன்சோரோவில் ஆற்றோரக் கூடாரத் திடலில் இடம் கிடைத்தது. எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அதற்குத் தடை உண்டு. மணல் திட்டுகளில் கோடையில் ஆலா என்ற நீர்ப்பறவைகள் முட்டையிட்டிருக்கும், அங்கே கால் வைக்காதீர்கள். ஆற்றில் குளிக்கவும் இறங்காதீர்கள். மணல் திடீரென்று உள்வாங்கும்.

இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருந்தது. சிறு அடுப்பில் பருப்புச் சோறு, தம்பி ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய். சாப்பிட்டுவிட்டு வியெனும் லுவாரும் சேரும் முனைவரை நடந்தோம். தூர் நகரத்தின் பிஷப்பாக இருந்த புனித மார்ட்டின் 397-இல் இந்தக் கான்த் ஊரில்தான் இறந்தார். உடல் யாருக்கு என்று தூர்க்காரர்களுக்கும் புவாத்தியேக்காரர்களுக்கும் தகராறு. இரவில் மற்றவர்கள் தூங்கியதும் தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக இறக்கி, படகில் ஏற்றி ஆற்றை எதிர்த்துக் கொண்டுபோனார்கள் என்று சொல்கிறார்கள். அன்று நாங்கள் இறங்கி வந்த திசைக்கு நேர் எதிர்த்திசை.

கூடாரத்துக்குத் திரும்பியதும் தம்பி தன் குடுவையை எடுத்தான். மதியத் தண்ணீர் பாதி மிச்சமிருந்தது. திடலில் குழாய் இருந்தும் அதைக் கொட்டவில்லை. காலை ஏழு மணிக்கு, பேக்கரி வாசலில் நிற்கும்போது குடித்தான்.