கொத்தனார் மகனுக்கு மலைக்குள் ஒரு வேலை

போன வாரம் அரூர்ப் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா, பன்னிரண்டு முடித்த பையன், கூடவே ஒரு மாமாவும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். மாமா பெங்களூரில் இருக்கிறார். பேச்செல்லாம் அவர்தான். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயன்ஸ், நான்கு வருடத்துக்கு 11 லட்சம், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் என்றார். அப்பா முப்பது வருடமாகக் கொத்தனார். "நான் மிதித்த சிமெண்டை இவன் மிதிக்கக் கூடாது சார்" என்று மட்டும் சொன்னார். அம்மா அழுதேவிட்டார். முதல் ஐந்து நிமிடம் நானும் ஆறுதலாகத்தான் பேசினேன்.

பையன் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று தெரிந்ததும் என் ஆறுதல் தீர்ந்துவிட்டது. அப்படிப் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் போய் உட்கார்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. இருக்கிற ஒன்றேகால் ஏக்கரை அடகு வைத்து, சும்மா கிடைப்பதை உதறப் பார்க்கிறார்கள். "சொந்தத்தில் நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு படிப்பு வேண்டாமா?" என்றார் மாமா. அந்த நாலு பேரும் வட்டி கட்ட வரமாட்டார்கள் என்று சொன்னேன். அவருக்குக் கோபம்தான்.

பையனிடம் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். விடுமுறையில் அப்பாவோடு வேலைக்குப் போவானாம், அதைக் கேட்டபோதுதான் வாய் திறந்தான். "சீலிங் பூச்சு பிடிக்கும் சார். தலைக்கு மேலே வீசுகிற கலவை ஏன் விழாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். மணல் மாறினால் விழுகிறது."

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு தொழிலே நடக்கிறது. மலையைக் குடைந்து ரயிலுக்கோ சாலைக்கோ வழி போடும்போது, வெடி வைத்துத் தளர்ந்த பாறையை வெளியேற்றியதும், திறந்துகிடக்கும் பாறை மீது கான்கிரீட்டைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிப்பார்கள். ஷாட்கிரீட் என்று பெயர். பலகை அடைப்பு கிடையாது. கலவையைப் பம்ப் தள்ளிக்கொண்டு வரும். குழாய் நுனியில் அழுத்தக் காற்றும், சட்டென்று இறுக வைக்கும் மருந்தும் சேரும். அடிக்கிற வேகத்திலேயே கலவை இறுகிப் பாறையின் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். கம்பி வலைக்குப் பதிலாக விரல் கணு நீள இரும்பு இழைகளைக் கலவையிலேயே போடுவதும் உண்டு. அதன் மேல் ஆணி அடித்தது போல ராக் போல்ட்டுகள் என்ற நீண்ட இரும்புக் கம்பிகள் பாறைக்குள் இறங்கும். மலையின் பாரத்தை இந்த மெல்லிய பூச்சு தாங்குவதாக நினைக்கக் கூடாது. பாறை தளர்ந்து உதிராமல் பிடித்துக்கொள்வதுதான் இதன் வேலை. அப்படிப் பிடித்துக்கொண்டால் பாறையே வளைவாக நின்று தன் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இதன் மூதாதையைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்ல. சிகாகோ அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்துகொண்டிருந்த கார்ல் ஏக்லி, 1907 வாக்கில் பூச்சு வேலைக்கென்று செய்த கருவி அது. (மாமா, குறித்துக்கொள்ளுங்கள்.)

செல்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கோணலாகப் பிடிக்கிறான், பாதி கீழேதான் போகும்" என்றார். சரியாகச் சொன்னார். குழாய் நுனி பாறைக்குச் செங்குத்தாக, ஒன்று முதல் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சிறு வட்டங்களாகச் சுற்ற வேண்டும். பக்கச் சுவரைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தெறித்து விழுந்த சரக்கு உள்ளே சிக்கி அந்த இடம் பொக்காகிவிடும். விழுந்ததை அள்ளி மறுபடி அடிக்கக் கூடாது. காய்ந்த கலவையை ஊதி நுனியில் தண்ணீர் சேர்க்கும் பழைய முறையில் கால்வாசி சரக்குகூட வீணாகும், தூசியும் அதிகம். ஈரக் கலவையில் சேதம் அதில் பாதிகூட இருக்காது. இன்று பெரிய சுரங்கப்பாதைகளில் எந்திரக் கைதான் அடிக்கிறது. ஷாட்கிரீட் அடிக்கிறவருக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனிச் சான்றிதழ் உண்டு. எவ்வளவு தடிமன், என்ன கலவை, அடித்தது எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு வலுப்பெற்றது என்று ஊசி குத்தியும் உருளை வெட்டியும் சோதிப்பதற்குப் பொறியாளர் வேண்டும். நான் பையனுக்குச் சொல்வது இந்த இடத்தை.

இந்த வேலைக்கு இடம் இல்லாமல் இல்லை. உத்தராகண்டில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் பாதையின் 125 கிலோமீட்டரில் நூறுக்கும் மேல் மலைக்குள்தான் போகிறது. நம் நீலகிரியில் குந்தா நீரேற்று மின் திட்டத்துக்கும் நிலத்தடியில்தான் மின்நிலையம்.

உத்தராகண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்ததைப் பற்றி அம்மா கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. 2023 நவம்பரில் 41 பேர் 17 நாள் உள்ளே சிக்கியிருந்தார்கள். எல்லோரும் உயிரோடு வந்தார்கள் என்று சொல்லி அதை மழுப்ப மாட்டேன். புதிதாக அடித்த கான்கிரீட் வலுப்பெறும் முன் அதன் அடியில் யாரும் போகக் கூடாது என்பது விதி. அவசரத்தில் அந்த விதியை மீறச் சொல்லும் மேலதிகாரிக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவன்தான் இந்த வேலைக்குப் போக வேண்டும். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும், முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது. ஊரை விட்டு முகாமில் இருக்க வேண்டும், இரவு ஷிப்ட் வரும். ஆரம்பச் சம்பளம் மாமா சொல்கிற பெங்களூர்க் கணக்குக்கு வராது.

கலந்தாய்வில் சிவில் எடுக்கட்டும். பாறை இயக்கவியல், மண் இயக்கவியல் பாடங்களை விடக் கூடாது. மூன்றாம் வருடம் உள்ளகப் பயிற்சிக்கு ஏதாவது ஒரு சுரங்கப்பாதைத் தளத்துக்குப் போயே ஆக வேண்டும். தாதுச் சுரங்கத்தில் மேலாளர் ஆகும் எண்ணம் இருந்தால் மட்டும் கிண்டியில் இருக்கும் மைனிங் படிப்பைப் பார்க்கலாம், அதற்கான தகுதிச் சான்றிதழ்த் தேர்வுகள் தனி.

தளத்தில் நின்று பார்த்துவிட்டு, "இது எனக்கு வேண்டாம்" என்று பையன் சொன்னால் சொல்லட்டும். சிவில் படித்தவனுக்குப் பாலமும் கட்டடமும் இருக்கின்றன, தலைமேல் கடனும் இருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள் ஐயா. திங்கட்கிழமை பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்ததற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு வாருங்கள். மாமா வரவேண்டியதில்லை.