கைக்குழந்தைக்கு உடம்பு முழுக்க எக்ஸ்ரே எதற்கு, அதுவும் இரண்டு தடவை?

லண்டனில் இருக்கிறோம், 3 மாதக் குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது, தலை முதல் கால் வரை எக்ஸ்ரே எடுத்துவிட்டு இரண்டு வாரத்தில் மறுபடியும் வரச் சொல்கிறார்கள், எங்களைச் சந்தேகப்படுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்தான். மறைக்காமல் சொல்கிறேன்: ஆமாம், யாராவது அடித்திருக்கலாமோ என்றும் பார்க்கிறார்கள். புரளக்கூடத் தெரியாத பிள்ளைக்கு எலும்பு முறிந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பார்த்தே ஆகவேண்டும். மூளையில் இரத்தக்கசிவு உண்டா என்று தலைக்கு சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள்.

இரண்டாவது தடவை பெரும்பாலும் விலா எலும்புக்காகத்தான். பெரியவரின் இரண்டு கைகள் அந்தச் சின்ன மார்பைச் சுற்றி இறுக்கினால், முதுகுத்தண்டை ஒட்டிய இடத்தில் விலா முறியும். வெளியே ஒரு கன்றல்கூட இல்லாமல் போகலாம். அன்றைக்கே எடுத்த படத்தில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் முறிவு பிடிபடாமல் போகலாம். 11 முதல் 14 நாளுக்குள் எடுத்தால், எலும்பு கூடத் தொடங்கிய இடத்தில் புது எலும்பு திரண்டு, முதுகோரமாக வெள்ளை மணிகள் வரிசையாக நிற்பது போலத் தெரியும். முதல் நாள் ஒன்றுமில்லை என்று நினைத்த குழந்தையின் படத்தில் அதைப் பார்த்தால் வயிறு கலங்கிவிடும்.

1946இல் ஜான் காஃபி என்ற அமெரிக்க மருத்துவர், மூளையைச் சுற்றி இரத்தம் கட்டிய 6 குழந்தைகளின் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருந்ததை எழுதினார். எப்படி நடந்தது என்று சொல்ல ஆளில்லை, எலும்புதான் சொன்னது.

அதே எலும்பு உங்கள் பக்கமும் பேசும். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ், பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் இவற்றின் அடையாளங்களையும் இந்தப் படங்களில் தேடுவார்கள், கூடவே இரத்தப் பரிசோதனையும் இருக்கும். கதிர்வீச்சை நினைத்துப் பயப்படாதீர்கள், அளவு குறைவுதான். தவறவிட்ட முறிவுதான் பெரிய ஆபத்து.

அப்புறம், வரும்போது பால் கொடுத்துவிட்டுக் கூட்டிவாருங்கள். நிறையப் படங்கள் எடுக்கவேண்டும். மேசை சில்லென்று இருக்கும், வழக்கமாகப் போர்த்தும் துணி ஒன்றையும் கொண்டுவாருங்கள்.