தேறிய கோழிகளோடு புதுக்குஞ்சுகளை விடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 18 நாட்டுக்கோழிகள் இருந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சில கழுத்து திருகி, ஒரே வாரத்தில் 13 இறந்துவிட்டன. மீதி ஐந்தும் தேறி, இரை எடுக்கின்றன. அடுத்த சந்தையில் குஞ்சுகள் வாங்கி இவற்றோடு விடலாமா?

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சலுக்குரிய அறிகுறிகள். ஆனால் பறவைக் காய்ச்சலிலும் கோழிகள் இப்படிக் கொத்துக்கொத்தாக இறப்பதுண்டு என்பதால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் உடனே தெரிவியுங்கள். இனி ஒன்று இறந்தாலும் மருத்துவர் சொல்லும் வரை அறுக்கவோ ஓடையில் வீசவோ கூடாது.

தேறிய ஐந்தும் நலமாகத் தெரிந்தாலும், அவற்றின் எச்சத்திலும் மூச்சிலும் நோய்க்கிருமி சில வாரங்கள் வரை வெளிவரக்கூடும். அவற்றைச் சந்தையில் விற்றால் நோய் அடுத்த ஊருக்குப் போகும். ஊர் ஊராக இந்நோய் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். அவற்றைத் தனியே அடைத்து வைப்பதா, கழித்துவிடுவதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவை இடும் முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள்.

கூட்டைச் சுத்தம் செய்வதில் பலரும் தவறுவது வரிசையில்தான். எச்சம் ஒட்டியிருக்கும் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் மருந்தின் வீரியம் எச்சத்திலேயே தீர்ந்துபோகும். அடியிலிருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. முதலில் தண்ணீர் தெளித்து, புழுதி எழாமல், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு சுரண்டி எடுங்கள். இந்தக் கிருமி மனிதருக்குக் கண் சிவப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், வேலை முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை கண்ணைத் தொடக் கூடாது. சுரண்டியதைச் சுண்ணாம்பு சேர்த்து ஆழமாகப் புதையுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் பக்கத்து வீட்டுக் கோழி வந்து கிளறும். பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் கிருமிநாசினி தெளித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். மூங்கில் பஞ்சாரத்தின் பின்னல் இடுக்குகளில் எச்சம் தங்கிவிடுமாகையால், பழையதை எரித்துவிடுவதே என் யோசனை. தண்ணீர்த் தட்டு, தீவனச் சட்டி, கூட்டுக்குள் போட்டுச் சென்ற செருப்பு ஆகியவற்றையும் விடாதீர்கள். அதன்பின் ஒரு மாதமாவது கூடு வெயிலும் காற்றும் பட்டுக் காலியாகக் கிடக்கட்டும்.

குஞ்சுகளைச் சந்தையில் வாங்காமல், தடுப்பூசி போட்டு வளர்க்கும் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போடுவது வழக்கம். இடையில் தரும் சொட்டு மருந்தையும் அதன் பிறகு போடும் ஊசிகளையும் மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் எடுத்து வந்து, கலக்கியதும் தாமதிக்காமல் பயன்படுத்த வேண்டும். சொட்டு விட்ட கையோடு குஞ்சைக் கீழே விட்டால் அது தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். கண் இமைத்து மருந்து உள்ளே போகும் வரை கையிலேயே பிடித்திருங்கள்.