ழகரம் வராதது நாக்கின் குறையா?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். 'வாழை' என்றால் 'வாளை' என்றுதான் வருகிறது. நாக்கு தடித்திருப்பதாக உறவினர்கள் சொல்கிறார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: ழகரத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் அம்மா. ளகரம் தெளிவாக வருகிறதே, அதற்கே நாக்கு நன்றாக மேலே வளைந்தாக வேண்டும். தென்மாவட்டப் பேச்சில் பலருக்கு ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. காதில் விழுந்ததைத்தான் பிள்ளை சொல்கிறாள். அதற்காக அவளைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள்.

கல்லூரியில் ஒலியியல் நடத்தியபோது, எண்ணெயில் குழைத்த கரித்தூளை மாணவர்களின் நாக்கு நுனியிலும் அதன் அடிப்பக்கத்திலும் தடவி, 'ஆள' என்று சொல்லச் சொல்வேன். வாயைத் திறந்து சின்னக் கண்ணாடியை உள்ளே காட்டினால், மேலண்ணத்தின் நடுவில் கறுப்பாக ஒட்டியிருக்கும். வாயைக் கழுவிவிட்டு, மறுபடி தடவி, 'ஆழ' என்று சொன்னால் நடுப்பகுதி சுத்தமாக இருக்கும். ஓரங்களில் மட்டும் கறை. வித்தியாசம் அவ்வளவுதான். ளகரத்தில் நுனி அண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைக்கிறது, காற்று பக்கவாட்டில் போகிறது. ழகரத்தில் நுனி தொடாமல் நிற்கிறது, காற்று நடுவே போகிறது.

தொல்காப்பியர், எழுத்தொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் பிறப்பியலில், றகரத்துக்கு நாக்கு நுனி அண்ணத்தை 'ஒற்ற' (அழுந்தத் தொட) என்றும், ழகரத்துக்கு 'வருட' (லேசாகத் தடவ) என்றும் பிரித்துச் சொல்கிறார். எந்தக் கருவியும் இல்லாமல் தன் வாயையே கவனித்து இதை எழுதியிருக்கிறார்! ஒவ்வொரு வருடமும் இந்த நூற்பாவைச் சொல்லும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணனும் அவருடன் சேர்ந்த அமெரிக்க ஆய்வாளர்களும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தே ஆராய்ந்தார்கள்.

சரி, மகளுக்கு வருவோம். ளகரத்தைச் சொல்லி, நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை வாயால் சட்டென்று உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். நாக்கின் ஓரங்கள் சில்லென்றிருக்கும். இப்போது நுனியை மட்டும் கொஞ்சம் இறக்கி, அண்ணத்தில் படாமல் நிறுத்தி, மறுபடி இழுக்கட்டும். குளிர்ச்சி நடுவில் தெரிந்தால் இடம் சரி. அங்கேயே வைத்துக் குரல் கொடுத்தால் ழகரம் வந்துவிடும்.

அப்புறம் காதுக்கும் பயிற்சி வேண்டும். கிளி–கிழி, தாள்–தாழ், வாளை–வாழை என்று நீங்கள் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். எதைச் சொன்னீர்கள் என்று அவள் கண்டுபிடிக்கட்டும். உங்களுக்கும் ழகரம் வராதென்றால், வருகிறவர் யாரையாவது சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.