மாதம் 12 நொடி முந்தும் குவார்ட்ஸ் வாட்ச்: மாற்ற வேண்டுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு வருடமாகக் கட்டும் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 12 நொடி முந்திப் போகிறது. கடையில் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். இது பழுதா? விலை கூடியது வாங்கினால் சரியாகிவிடுமா?"

பழுது இல்லை. சாதாரண குவார்ட்ஸ் வாட்சுகளுக்குத் தயாரிப்பாளர்களே மாதத்துக்குக் கூடவோ குறையவோ 15, 20 நொடி போகலாம் என்றுதான் சொல்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த கேசியோ எஃப்-91டபிள்யூவுக்கு அந்தக் கணக்கு 30 நொடி. பத்து லட்சம் நொடி ஓடி ஐந்து நொடிகூடத் தவறாத ஒரு பொருளைத்தான் நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள்.

உள்ளே இசைக்கவை வடிவில் வெட்டிய சின்னக் குவார்ட்ஸ் துண்டு ஒன்று இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் அந்த எண் என்றால், அதை இரண்டால் பதினைந்து முறை வகுத்துக்கொண்டே போனால் மிகச்சரியாக 1 வரும், இரண்டால் வகுப்பது சிப்புக்கு மிக எளிய வேலை. அப்படிக் கிடைக்கிற ஒரு துடிப்பில் குட்டி மோட்டார் ஒன்று நொடி முள்ளை ஒரு படி தள்ளுகிறது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீகோ அஸ்ட்ரானிலும் இதே ஏற்பாடுதான், அதிர்வு மட்டும் 8,192.

சரி, இவ்வளவு ஒழுங்காக அதிர்வது ஏன் தவறுகிறது? முக்கியமான காரணம் வெப்பம். இந்தத் துண்டு சுமார் 25 டிகிரியில்தான் அதிக வேகத்தில் அதிரும், அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் வேகம் குறையும். 5 டிகிரி விலகினால் மாதத்துக்கு இரண்டு நொடி போலத்தான் பின்தங்கும், ஆனால் 10 டிகிரி விலகினால் ஒன்பது நொடி ஆகிவிடும், விலகல் இரட்டித்தால் பின்தங்கல் நான்கு மடங்காகும். அதனால்தான் கையில் கட்டியிருக்கும்போது ஒரு மாதிரியும், மே மாதத்தில் சூடான அலமாரிக்குள் கிடக்கும்போது வேறு மாதிரியும் ஓடுகிறது.

எனக்குக் கேட்டால், எத்தனை நொடி தவறுகிறது என்பதைவிட அந்தத் தவறு மாறாமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். செக்ஸ்டன்ட் (சூரியன், நட்சத்திரங்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவி) வைத்துக் கடலில் இடம் கணிப்பவர்களுக்கு நேரத்தில் 4 நொடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் பிசகும், ஆனாலும் அவர்கள் தவறே செய்யாத கடிகாரத்தைத் தேடியதில்லை, தங்கள் கடிகாரம் ஒரு நாளைக்கு எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துகொண்டு அதைக் கழித்துவிடுவார்கள். நமக்கு அதுகூட வேண்டாம், மாதம் ஒருமுறை போனைப் பார்த்துத் திருத்திவிட்டால் போதும்.

நீங்களும் அளந்து பாருங்கள். போன் நேரத்தோடு நொடி வரை சரிசெய்துவிட்டு, வழக்கம்போல கட்டிக்கொண்டு முப்பது நாள் கழித்து ஒப்பிடுங்கள். வாட்சின் டிக் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டுக் கணக்குச் சொல்லும் ஆப்களை நம்ப வேண்டாம், பல வாட்சுகளில் குவார்ட்ஸ் துண்டு வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக இருக்கும், சிப் அவ்வப்போது சில துடிப்புகளை விட்டுவிட்டுச் சமன் செய்யும், அது குறுகிய அளவீட்டில் சரியாகத் தெரியாது. அடுத்தடுத்த மாதங்களிலும் 12-ஐ ஒட்டியே வந்தால் வாட்ச் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கடுமையான சுவிஸ் சோதனையில் தேறிய சாவி வாட்சுக்கே ஒரு நாளில் 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் அனுமதி உண்டு. துல்லியம்தான் வேண்டும் என்றால் வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் குவார்ட்ஸ் வகையைத் தேடுங்கள். கிராண்ட் சீகோ 9எஃப் வருடத்துக்கு 10 நொடி, 2019-இல் வந்த சிட்டிசன் காலிபர் 0100 வருடத்துக்கு ஒரே நொடி. ஆசை இருந்தால் வாங்கலாம், பஸ்ஸைப் பிடிக்கத் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரியான கோளாறுக்கு. திடீரென்று நிமிடக்கணக்கில் பிந்தினால் பக்கத்தில் காந்தம் இருக்கிறதா பாருங்கள், போன் கவர், கைப்பை கிளிப், ஸ்பீக்கர் எதுவாகவும் இருக்கலாம், மோட்டாரை அது நிறுத்திவிடும். அதுவும் இல்லையென்றால் உள்ளே பல்சக்கரத்தில் அழுக்கு இருக்கலாம், அதைக் கடையில் சுத்தம் செய்வார்கள். நொடி முள் இரண்டிரண்டு நொடியாகத் தாவினால் பெரும்பாலும் பேட்டரி தீரப்போகிறது, உடனே மாற்றுங்கள், சில்வர் ஆக்சைடு பேட்டரி என்று கேட்டு வாங்குங்கள், தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டால் கசிந்து சர்க்யூட்டை அரித்துவிடும்.